மாரியப்பன் பெயரில் ஏழு வீட்டு மாத்திரை

1

இன்று காலை பால் பொங்குகிற நேரத்தில் வீட்டுக்காரரின் போனில் ஒரு மெசேஜ் வந்து விழுந்தது. மருந்துக் கடையிலிருந்து. இங்கிலீஷில் இருந்ததை மகள் நந்தினி கன்னடத்தில் சொன்னாள். நான் அதை மனதுக்குள் தமிழாக்கிக்கொண்டேன். எங்கள் வீட்டில் எந்தச் சேதியும் இப்படிக் கைமாறித்தான் என்னிடம் வந்து சேரும்.

அன்புள்ள மாரியப்பன், இந்த ஆண்டில் நீங்கள் வாங்கியது குறைந்துவிட்டதால் உங்கள் தங்க உறுப்பினர் தகுதி முடிவடைகிறது. அவ்வளவுதான் சேதி.

"அப்பாவைத் தங்கத்துல இருந்து இறக்கிட்டாங்க" என்றாள் நந்தினி.

அவர் சிரித்தார். அவருடைய சிரிப்பு இப்போது வாயின் இடது பக்கத்தில் தொடங்குகிறது. வலது பக்கம் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்துகொள்ளும். சில நாள் வராமலும் போகும்.

மெசேஜை அழித்துவிடவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஒரு வருஷம் ஆகிவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது.

வெளியூரில் போய் வாழ்கிறவர்கள் எழுதும் இந்தப் பக்கத்துக்கு நீங்களும் எழுதுங்கள் என்று கேட்டபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. மற்றவர்கள் விமானம் ஏறிப் போனவர்கள். நான் ஏறியது பஸ். கொளத்தூரிலிருந்து பாலாற்றுச் சோதனைச்சாவடி, அங்கே போலீஸ்காரர் பையைத் துழாவிப் பார்த்துவிட்டு அனுப்பினார். மாதேஸ்வரன் மலையில் ஒரு பஸ் மாறி, கொள்ளேகாலில் இன்னொரு பஸ் மாறினால் மைசூர். இதற்கு என்ன புலம்பெயர்வு என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் இறங்கிய இடத்தில் போர்டு படிக்கத் தெரியாது, கடைக்காரர் சொல்லும் விலை விளங்காது, கையிலிருக்கும் ரேஷன் கார்டு செல்லாது என்றால், அந்த இடம் எத்தனை தூரத்தில் இருந்தால் என்ன?

ஏழாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது எனக்கு. திருப்பூரில் பனியன் கம்பெனி, பாலக்காட்டுப் பக்கம் கல்குவாரி, பிறகு ஹாசன் பக்கம் காப்பித் தோட்டம். ஒரே ஊரில் இரண்டு மழைக்காலம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். காப்பித் தோட்டத்து பங்களாவுக்கு பெயிண்ட் அடிக்க வந்த, கர்நாடக எல்லையோரக் கௌதள்ளி ஊர்க்காரர்தான் மாரியப்பன். தமிழும் கன்னடமும் ஒரே வேகத்தில் பேசுவார். அவரைக் கட்டிக்கொண்ட பிறகும் இரண்டு ஊர் மாறினோம். நந்தினி பள்ளிக்கூடம் சேர்ந்ததால் மைசூரில் நின்றோம். இப்போது ஒரு லாட்ஜுக்குத் துணி துவைக்கிற இடத்தில் இஸ்திரி போடுகிறேன். விரிப்பு, தலையணை உறை, துண்டு. நாள் முழுக்க வெள்ளை நிறம்தான்.

2

குவாரியில் இருந்தபோது ஒருவன் மேலிருந்து விழுந்தான். ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டார்கள். எங்களில் யாருக்கும் தெரியவில்லை. ஆத்தூர்க்காரன் என்பதால் அவனை 'ஆத்தூர்' என்றுதான் கூப்பிடுவோம். பெயரில்லாமல் சீட்டு எழுத முடியாது என்றதும் மேஸ்திரி தன் பெயரைச் சொன்னார். ஆத்தூர் பிழைத்துக்கொண்டான். கட்டுப் பிரிக்கும் வரை மேஸ்திரியின் பெயரிலேயே படுத்திருந்தான். அவனுடைய உண்மைப் பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கொளத்தூர் மருந்துக் கடையிலும் யாரும் பெயர் கேட்டதில்லை. காய்ச்சல் என்றால் கத்தரிக்கோலால் அட்டையை நறுக்கி நாலு மாத்திரையைக் காகித உறையில் போட்டுக் கொடுப்பார்கள். மைசூரில் கண்ணாடிக் கதவு போட்ட கடைக்கு முதல்முறை போனபோது, கவுன்டரில் இருந்த ரூபா என்ற பெண் என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. "நம்பர் ஹேளி" என்றாள். போன் நம்பர் சொல்லு என்று அர்த்தம். என் நோய்க்கும் போனுக்கும் என்ன சம்பந்தம் என்று முழித்தேன்.

வீட்டுக்காரர் அன்றைக்கே விசாரித்துத் தெரிந்துகொண்டார். அவர் கையில் பெயிண்ட் வீணாகாது. டப்பாவைக் கவிழ்த்து வைத்து அடியில் இருப்பதையும் வடிப்பவர். நம்பர் சொன்னால் ஒவ்வொரு பில்லுக்கும் பாயிண்ட் சேரும். சேர்ந்ததை அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளலாம். வாரத்தில் ஒரு நாள் பாயிண்ட் இரட்டிப்பு. மாசத்து பிரஷர் மாத்திரையை அந்த நாளுக்கு ஒத்திப்போட்டு வாங்கவேண்டும், ஆனால் கையிருப்பு தீருமளவுக்கு ஒத்திப்போடக் கூடாது. கூப்பன் மெசேஜ் வந்தால் முதலில் கடைசித் தேதியைப் பார்க்கவேண்டும். குறைந்தபட்சம் இவ்வளவுக்கு வாங்கினால்தான் செல்லும் என்றிருந்தால், சோப்பு, பேஸ்ட், நாப்கினை மாத்திரையோடு சேர்த்து ஒரே பில்லாகப் போடச் சொல்லவேண்டும். கூப்பனுக்காகச் சத்துமாவு வாங்கினால் கடைக்காரனுக்குத்தான் லாபம். அரசாங்க மலிவு மருந்துக் கடையில் அதே மருந்து கிடைத்தால் பாயிண்டை மறந்துவிட்டு அங்கே போகவேண்டும். இதெல்லாம் அவர் எனக்குச் சொல்லித் தந்தவை. இன்றைக்கும் சரிதான். தப்பு வேறு இடத்தில் இருந்தது.

3

எங்கள் லைனில் ஏழு வீடு, ஒரு முற்றம், ஒரு குழாய். கடைசி வீட்டு சுந்தரி அக்கா ஒரு மாணவர் விடுதியில் சமைக்கிறவர். போன இடமெல்லாம் சீட்டு நடத்திப் பழகியவர். தங்க உறுப்பினர் என்று ஒன்று இருக்கிறது, நிறைய வாங்குகிறவர்களுக்குத் தள்ளுபடி கூடும் என்று என் வீட்டுக்காரர் சொன்னதும் அவர்தான் இதைக் கண்டுபிடித்தார்.

"ஏழு வீடும் ஏழு நம்பர்ல வாங்கினா ஏழு பேரும் ஒண்ணுமில்லாதவங்க. ஒரே நம்பர்ல வாங்கினா ஒருத்தனாச்சும் பணக்காரன். அந்தப் பணக்காரனை மாசம் ஒரு வீட்டுக்கு மாத்தி விட்டுக்கலாம்."

அப்படித்தான் எங்கள் பாயிண்ட் சீட்டு தொடங்கியது. எல்லா வீட்டுக்காரர்களும் மாரியப்பனின் நம்பரைச் சொல்லி மருந்து வாங்குவோம். அந்த நம்பரில் ஒரே எண் திரும்பத் திரும்ப வரும், சின்னக் குழந்தைகளுக்குக்கூட மனப்பாடம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் கூடி, டப்பாவில் பெயர்ச் சீட்டுகளைக் குலுக்கி ஒன்றை எடுப்போம். யார் பெயர் வருகிறதோ அந்த வீட்டுக்கு அந்த மாதத்துப் பாயிண்ட் முழுக்கச் சொந்தம். சுற்று முடியும் வரை அந்தப் பெயர் மறுபடி டப்பாவில் விழாது. போன மாதம் கிடைத்தவர் இந்த மாதம் சீட்டு எடுக்கவேண்டும். ஏலச் சீட்டு நடத்தியவர்களுக்கு இதெல்லாம் பாலபாடம்.

சீக்கிரமே மாரியப்பன் தங்கமாகிவிட்டார். கடைக்காரர்களின் கணக்கில் அவருக்குச் சர்க்கரை, பிரஷர், தைராய்டு, மூட்டுவலி, ஆஸ்துமா எல்லாம் இருந்தது. மூன்றாவது வீட்டு மருமகள் கர்ப்பமாகி இரும்புச்சத்து மாத்திரை வாங்கத் தொடங்கியதும் ஒரு மெசேஜ் வந்தது. தாயாகப் போகும் மாரியப்பனுக்கு வாழ்த்துகள், குழந்தை டயப்பருக்கு இந்தக் கூப்பன். நந்தினி அதைப் படித்த நாளில் லைனே சிரித்தது.

"எத்தனாவது மாசம் மாரியண்ணா?" என்று குழாயடியில் கேட்டார்கள்.

"வயித்தைப் பாத்தாத் தெரியலையா?" என்று தன் தொந்தியைத் தடவினார் அவர்.

நந்தினிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். என்னிடம் கோபம் வந்தால் பேசுகிற கொஞ்சத் தமிழையும் விட்டுவிடுவாள். "இது சரியில்லம்மா, எல்லா நோயும் அப்பா பேர்ல இருக்கு" என்று கன்னடத்தில் சொன்னாள்.

"பேர்ல இருந்தா என்ன, உடம்புல இல்லையே" என்றேன்.

எதிர் வீட்டு ராஜேந்திரனைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு பள்ளிக்கூடத்து வேன் ஓட்டுநர். அதிர்ந்து பேசமாட்டார். ஒருமுறை தம்பி வீட்டு வேலைக்கு என்று கோயம்புத்தூர் போய், இரண்டு மாதம் கழித்து இளைத்து வந்தார். முற்றத்தில் ஆண்கள் எல்லோரும் வெற்றுடம்போடு குளிப்பார்கள், அவர் மட்டும் பனியனோடு.

"ரெண்டு புள்ளை பெத்தும் டிரைவருக்கு இன்னும் வெக்கம் போகலை" என்பார் சுந்தரி அக்கா.

ராஜேந்திரன் பதில் சொல்லமாட்டார். இன்னொரு சொம்பு எடுத்து ஊற்றிக்கொள்வார்.

4

அன்றைக்குச் சீட்டு எடுக்கவேண்டியவர் என் வீட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் இருந்தார்கள். டீ குடித்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டப்பாவுக்குள் வலது கையை விட்டார். சீட்டோடு கை வெளியே வந்தது. சீட்டு நழுவிக் கீழே விழுந்தது. அதைப் பார்த்தார். குனியவில்லை. கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார், அது யாருடையதோ என்பதுபோல.

"என்ன மாரி, காத்துல விட்டுட்டே?" என்றார் சுந்தரி அக்கா.

அவர் ஏதோ சொன்னார். சொல்லாக வரவில்லை. வாயின் ஒரு பக்கம் கீழே இறங்கியிருந்தது.

வேடிக்கை காட்டுகிறார் என்று ரெண்டு பேர் சிரிக்கவும் செய்தார்கள். ராஜேந்திரன் சிரிக்கவில்லை. பாய்ந்து வந்து அவரைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்தார். "அக்கா, ஆட்டோ. உடனே" என்றார். அந்த நேரத்தில் கீழே கிடந்த சீட்டை யாரோ மிதித்துக்கொண்டு ஓடினார்கள். அதில் யார் பெயர் இருந்தது என்று கடைசி வரை தெரியவில்லை.

ஆட்டோவில் நானும் ராஜேந்திரனும் அவரை நடுவில் வைத்துக்கொண்டோம். நந்தினி பிரகாஷின் பைக்கில் பின்னால் வந்தாள். பிரகாஷ் இரண்டாவது வீடு. ராஜேந்திரன் வேலை பார்க்கிற அதே பள்ளிக்கூடத்தில் வேன்களுக்குப் பொறுப்பாளன். கொஞ்சம் இங்கிலீஷ் பேசுவான், ஆஸ்பத்திரியில் உதவும் என்று வந்தான். அவன் வந்தது நல்லதா கெட்டதா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

போகும் வழி முழுக்க அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஏதோ கேட்டார். எனக்கு விளங்கவில்லை. ஊர் ஊராக அலைந்து எத்தனையோ பேச்சைச் சைகையிலேயே புரிந்துகொண்டவள் நான். என் வீட்டுக்காரர் பேச்சு விளங்காமல் போனது அன்றைக்குத்தான்.

5

ஆஸ்பத்திரி கவுன்டரில் ரேஷன் கார்டு கேட்டார்கள். அது வீட்டுக்காரருடைய கார்டு. அதில் அவரும் நந்தினியும் இருந்தார்கள். என் பெயர் இன்னும் கொளத்தூரில் என் அண்ணன் வீட்டுக் கார்டில்தான் இருக்கிறது. அங்கே பெயரை நீக்கியதற்குச் சான்று வாங்க மூன்று முறை போய், மூன்று முறையும் அதிகாரி இல்லை என்று திரும்பி வந்ததில் அப்படியே விட்டுவிட்டேன்.

"நீங்க யாரு இவருக்கு?" என்றார் கவுன்டரில் இருந்தவர், கன்னடத்தில்.

"சம்சாரம்."

"இதுல இல்லையே."

எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கன்னடம் போதவில்லை. நந்தினி என்னைத் தள்ளிவிட்டு முன்னால் போய், நான் மகள் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.  நான் பார்த்தேன்.

உள்ளே டாக்டர் ஒரு சின்ன வயசுப் பெண். எப்போது தொடங்கியது என்று கேட்டார். லைனே பார்த்துக்கொண்டிருந்ததால் அதைத் துல்லியமாகச் சொல்ல முடிந்தது. நேரத்தோடு கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார். தலையை ஸ்கேன் எடுத்துவிட்டு வந்து, ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறது, ரத்தக்கசிவு இல்லை, அடைப்பைக் கரைக்க ஓர் ஊசி போடலாம், சீக்கிரம் போட்டால்தான் பலன் என்றார். எனக்கு மூச்சு வந்தது.

"என்னென்ன மாத்திரை சாப்பிடறார்?"

நந்தினி பழக்கத்தில் அப்பாவின் போனைத் திறந்து மருந்துக் கடையின் கணக்கைக் காட்டினாள். டாக்டரின் விரல் மேலே தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றது.

"இது யாருக்கு?"

ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரை. போன வாரம் வாங்கியது. அதற்கு முந்தைய மாதமும், அதற்கும் முந்தைய மாதமும். பில்லில் நோயாளி பெயர் மாரியப்பன்.

நந்தினி வேகமாக விளக்கினாள். இது அப்பாவுடையது மட்டுமல்ல, லைனில் எல்லோரும் இந்த நம்பரில்தான் வாங்குகிறார்கள், பாயிண்டுக்காக. டாக்டர் கேட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாக, எனக்குப் புரியும் கன்னடத்தில் சொன்னார். இந்த மாத்திரையை இவர் நேற்றோ இன்றோ போட்டிருந்தால், இந்த ஊசி மூளைக்குள் ரத்தம் கசியச் செய்யும், ஆளே போய்விடலாம். போடவில்லை என்றால் ஊசியால் கை கால் திரும்பலாம், பேச்சு திரும்பலாம். போடவில்லை என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியுமா?

சொல்ல முடியும் என்று வாயைத் திறந்தேன். காலையில் நான் எடுத்துக் கொடுப்பது பிரஷர் மாத்திரை ஒன்றுதான். ஆனால் கொஞ்ச நாளுக்கு முன்னால் ஏணியிலிருந்து இறங்கி உட்கார்ந்து, நெஞ்சு படபடங்குது என்று சொன்னது ஞாபகம் வந்தது. வெயில் என்று சொல்லி மோர் கொடுத்தேன். அதற்கப்புறம் எனக்குத் தெரியாமல் யாரிடமாவது காட்டியிருந்தால்? மருந்துக் கடைக்கு அவரே தனியாகப் போய் வருகிறவர். என்னைப் பயமுறுத்தக் கூடாது என்று எதையும் மறைத்துவிடக் கூடியவர். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

சுந்தரி அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "அக்கா, ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை, நம்ம லைன்ல யாருது? வீடு வீடாக் கேளுங்க. அவருக்கு ஊசி போடறது இதுலதான் நிக்குது."

போனைக் கையில் பிடித்தபடியே அக்கா நடந்தார். செருப்புச் சத்தம், கதவுச் சத்தம், குழந்தை அழுகை எல்லாம் கேட்டது. பிரகாஷ் தன் வீட்டில் யாருக்கும் இல்லை என்று தலையாட்டினான். மூன்றாவது வீட்டில் இல்லை என்றார்கள். நாலாவது வீட்டில் சர்க்கரை மாத்திரை மட்டும்தான். ஐந்தாவது வீட்டில், எதுக்கும் அட்டையைக் கொண்டாந்து காட்டட்டுமா என்று ஒரு குரல். பிறகு ராஜேந்திரன் வீடு. அவர் சம்சாரம் வசந்தாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"எங்களுது இல்லீங்கக்கா. எங்க வீட்ல யாருக்கும் ஒண்ணுமில்லை."

ராஜேந்திரன் எனக்கு எதிரில், சுவரோரம் நின்றிருந்தார். பக்கத்தில் பிரகாஷ். வசந்தாவின் குரல் வந்ததும் ராஜேந்திரன் தரையைப் பார்த்தார்.

"கடைசில என் வீடு. எனக்கு மூட்டுவலி மாத்திரைதான்" என்றார் அக்கா. "யாருமில்லைன்னு சொல்றாங்க கண்ணு."

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். யாரும் இல்லை என்றால் அது மாரியப்பனுடையது. அப்படித்தான் அவர் நினைத்திருப்பார். நானே அப்படித்தான் நினைத்தேன். கட்டிலில் அவர் இடது கையால் வலது கையைத் தூக்கி வயிற்றின் மேல் வைத்தார். அது நழுவி விழுந்தது. மறுபடி தூக்கி வைத்தார்.

"மேடம், அது என்னுது" என்றார் ராஜேந்திரன்.

பிரகாஷ் திரும்பிப் பார்த்தான்.

டாக்டர் நம்பவில்லை. "இவருக்கு ஊசி போடணும்கறதுக்காக இப்படிச் சொல்றீங்களா? பில்லுல இவர் பேர்தானே இருக்கு?"

ராஜேந்திரன் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். பனியனைக் கழுத்து வரை தூக்கினார். நெஞ்சுக்கு நடுவே மேலிருந்து கீழாக ஒரு நீளத் தழும்பு. தம்பி வீட்டு வேலைக்கு என்று சொல்லிக் கோயம்புத்தூருக்குப் போய் இரண்டு மாதம் கழித்து இளைத்து வந்தாரே, அது இந்த இருதய ஆபரேஷனுக்குத்தான். சட்டைப் பையில் அடையாள அட்டைக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தார்.

"காலைல ஒண்ணு போட்டேன். சாயங்காலம் ஒண்ணு இருக்கு. எண்ணிப் பாத்துக்குங்க. கடைல அவர் நம்பரைச் சொல்லி நான்தான் வாங்கறேன். அவருக்கு இது என்னன்னே தெரியாது."

டாக்டர் அட்டையை ஒரு நொடி பார்த்தார். அந்தக் கணக்கிலிருந்த பாக்கி மருந்துகளையும் என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். பிறகு நர்ஸிடம் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்கள்.

வராந்தாவில் ராஜேந்திரன் பொத்தான்களை மறுபடி போட்டுக்கொண்டார். ஒரு பொத்தான் மாறி விழுந்தது. சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

6

ஊசி போட்ட மறுநாள் சாயங்காலம் வலது கையின் கட்டைவிரல் அசைந்தது. அதற்கடுத்த நாள் பேச்சு வந்தது. முதல் சொல் "நீரு". தண்ணீரைக் கன்னடத்தில் கேட்டார். நந்தினி எழுந்து ஓடிக் கொடுத்தாள். எனக்குள் சுருக்கென்றது, மறைப்பானேன். என் பெயரைச் சொல்ல அவருக்கு ஒரு வாரம் ஆனது.

ராஜேந்திரன் விஷயத்தைப் பிரகாஷ் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டான். சொல்வதற்கு முன்னால் என்னிடம் வந்தான்.

"நான் சொல்லலைன்னா நாளைக்கு ஏதாச்சும் ஆனா என் தலைதான் உருளும். உங்களுக்குப் புரியுதாக்கா?"

"எங்கிட்ட எதுக்குப்பா கேக்கறே?"

"உங்க வீட்டுக்காரருக்காகத்தானே அவர் சொன்னாரு."

அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்த வேனில் எங்கள் லைன் குழந்தைகளும் போகிறார்கள். ராஜேந்திரனை வேனிலிருந்து எடுத்துவிட்டுப் பள்ளிக்கூட கேட்டில் காவலுக்கு நிறுத்தினார்கள். சம்பளம் குறைந்தது. குழாயடியில் வசந்தா என் குடத்துக்குப் பக்கத்தில் தன் குடத்தை வைப்பதை நிறுத்தினாள். ராஜேந்திரன் என்னைப் பார்த்தால் தலையை ஆட்டுவார். பேசமாட்டார். அவருக்கு நன்றி சொல்ல மூன்று முறை அவர் வீட்டு வாசல் வரை போயிருக்கிறேன். மூன்று முறையும் வசந்தா வந்து, அவர் தூங்கறாருங்க என்றாள். நான் என்ன சொல்லியிருப்பேன் என்றும் எனக்குத் தெரியவில்லை. உங்கள் டிரைவர் வேலை போனதற்கு நன்றி என்றா?

பாயிண்டுக்காக மட்டும் அவர் எங்கள் நம்பரைச் சொல்லவில்லை என்பது எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. அவருடைய நம்பரில் வாங்கியிருந்தால் அது ராஜேந்திரனின் மாத்திரை. எங்கள் நம்பரில் வாங்கினால் யாருடையதும் இல்லை. மேஸ்திரியின் பெயரில் படுத்திருந்த ஆத்தூரைப்போல, அவர் மாரியப்பனின் பெயரில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார்.

7

சீட்டு இரண்டு மாதம் நின்றது. மூன்றாவது மாதம் சுந்தரி அக்கா கூட்டினார். விட்டுப்போன சீட்டை அவரே எடுக்கட்டும் என்று என் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னார். எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்காரர் பிடிவாதமாக எழுந்துவிட்டார். முற்றத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம்.

வலது கையைத்தான் டப்பாவுக்குள் விட்டார். உள்ளே விரல்கள் காகிதத்தைத் தேடும் சத்தம் கேட்டது. யாரும் இடது கையால் எடு என்று சொல்லவில்லை. நெற்றியில் வேர்த்துவிட்டது அவருக்கு. கடைசியில் இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு சீட்டு வெளியே வந்தது. சுந்தரி அக்கா அதை வாங்கிப் பிரித்தார்.

"ராஜேந்திரன்."

கை தட்டினார்கள். ராஜேந்திரன் தட்டவில்லை. எழுந்து வந்தார்.

"அந்த டப்பாவைக் குடுங்கக்கா."

"எதுக்குப்பா? உனக்கு விழுந்துருச்சு, போய் சந்தோஷமா இரு."

"குடுங்க."

வாங்கித் தரையில் கவிழ்த்தார். விழுந்த சீட்டுகளை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். ராஜேந்திரன். ராஜேந்திரன். ராஜேந்திரன். எல்லாம் அக்காவின் கோணல் எழுத்து. எனக்கு இது தெரியாது. என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. அவர் நாற்காலியில் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷம் சீட்டு நடத்தறீங்க, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?" என்றார் ராஜேந்திரன். குரல் உயரவில்லை. "நான் அன்னிக்குச் சட்டையைத் தொறந்தது பாயிண்டுக்கு இல்லீங்க. எனக்குப் பாவம் பாத்துச் சீட்டு எழுதாதீங்க."

"பாவம்னு யாருடா சொன்னா?" என்றார் அக்கா. "எடுத்துக்கச் சொன்னா நீ எடுத்துக்க மாட்டே. வேற எப்படிக் குடுக்கறது உனக்கு?"

ராஜேந்திரன் சீட்டுகளைப் பொறுக்கி டப்பாவிலேயே போட்டுவிட்டு வெளியே போனார். முற்றம் கலைந்தது. அதற்குப் பிறகு அந்த டப்பாவை யாரும் திறக்கவில்லை.

அன்றைக்கு எனக்கும் மருந்து வாங்கவேண்டியிருந்தது. ஊசி போட்ட பிறகு செய்த சோதனைகளில் வீட்டுக்காரருக்கு நெஞ்சுத் துடிப்பு சீராக இல்லை என்று கண்டுபிடித்தார்கள். படபடப்பு வெயிலால் வந்ததில்லை. சில வாரம் கழித்து டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனால் கவுன்டரில் ராஜேந்திரன் நின்றிருந்தார். ரூபா மாத்திரை அட்டையை எடுத்து வைத்துவிட்டு, பழக்கத்தில் எங்கள் நம்பரைத் தட்டத் தொடங்கினாள்.

"அது வேண்டாம்மா. என் நம்பர் போடுங்க."

"புது நம்பரா? பாயிண்ட் ஒண்ணும் இருக்காதே சார். அந்த நம்பர்ல நல்ல தள்ளுபடி இருக்கு."

"பரவால்ல. பேரு ராஜேந்திரன்."

பேரைச் சத்தமாகச் சொன்னார். ரூபா எழுதிக்கொண்டாள். அவர் திரும்பியபோது என் கையிலிருந்த டாக்டர் சீட்டு அவர் கண்ணில் பட்டது. அந்த மாத்திரையின் பெயரை இங்கிலீஷ் எழுத்தில் பார்த்துப் பார்த்துப் பழகியிருப்பார்போல. நின்றுவிட்டார்.

"மாரியண்ணனுக்கா?"

"ஆமா."

"இதேவா?"

"இதேதான்."

 மூன்று மாதத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"நேரம் தவறக் கூடாதுக்கா" என்றார். "ஒரு வேளை விட்டாலும் தப்பு. நான் சாயங்காலம் வெளக்கு வெச்சதும் போடுவேன். அவருக்கும் அதே நேரத்துக்கு வெச்சுக்குங்க."

போய்விட்டார். ரூபா என்னிடம் நம்பர் கேட்டாள். சொன்னேன். அன்றிலிருந்து அது எங்கள் ஒரு வீட்டு நம்பர். அந்த மாதத்திலிருந்து மற்ற வீடுகளும் ஒவ்வொன்றாகத் தங்கள் நம்பரில் வாங்க ஆரம்பித்தன. ஒரு வீட்டு மருந்தை வைத்துக்கொண்டு எத்தனை நாள் தங்கமாக இருக்க முடியும்? இன்று காலை வந்த மெசேஜ் அதன் கணக்குத்தான்.

நந்தினி கல்லூரியிலிருந்து வந்து, இதை எழுதிக்கொண்டிருந்த என்னை எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. என்ன எழுதறே என்று கேட்டாள். அப்பாவைப் பற்றி என்றேன். எல்லா நோயும் எழுதினாயா என்று சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

இப்போது விளக்கு வைத்தாயிற்று. எதிர் வீட்டிலிருந்து குரல் வருகிறது. ஒரு நாளும் தவறியதில்லை இது, மழை பெய்தாலும்.

"மாரியண்ணா, போட்டாச்சா?"

என் வீட்டுக்காரர் மாத்திரையை இடது கையில் வாங்கி, வலது கைக்கு மாற்றி, அந்தக் கையாலேயே வாய்க்குக் கொண்டுபோகிறார். நேரமாகும். நான் உதவினால் கோபம் வரும். விழுங்கிவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டு கத்துகிறார்.

"ஆச்சு. நீ?"

எதிர் வீட்டில் டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்கிறது.